ஐந்தில் ஒரு பங்கு ஸ்பிட்ஃபயர்: கட்டத் தொடங்கும் முன் எடையைப் பற்றிப் பேசிவிடுவோம்

உங்கள் கேள்வியின் சாரம் இது: மூன்று ஆண்டுகளாக ரேடியோ விமானங்களைப் பறக்கவிடுகிறீர்கள். பயிற்சி விமானத்தைத் தாண்டி, ஒன்றரை மீட்டர் இறக்கையுள்ள தாழ் இறக்கை விமானமும் கைக்குள் வந்துவிட்டது. அடுத்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் ஒன்றை ஐந்தில் ஒரு பங்கு அளவில் நீங்களே கட்டிப் பறக்கவிட வேண்டும். பெரிய விமானம்தான் சுலபம் என்கிறார் ஒருவர்; முதல் நாளே நொறுங்கும் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது, எங்கே தொடங்குவது?

இருவர் சொல்வதும் சரி. வேகத்தோடு பறந்துகொண்டிருக்கும் வரை முதலாமவர் பேச்சு நிற்கும். வேகம் குறையும்போது இரண்டாமவர் பேச்சு உண்மையாகும். எவ்வளவு குறைந்தால் உண்மையாகும் என்பதை முடிவு செய்வது உங்கள் விமானத்தின் எடை. அந்த எடையோ பட்டறை மேசையில், கிராம் கிராமாக, நீங்கள் பார்க்காத நேரத்தில் ஏறுகிறது. நான் சொல்ல வருவதில் முக்கால் பங்கு இதைப் பற்றித்தான்.

முதலில், பெரியது ஏன் இதமாகப் பறக்கிறது? விமானத்தை நாம் சுருக்கிவிடலாம். காற்றைச் சுருக்க முடியாது. சிறிய மாதிரியின் இறக்கை முனையில் அகலம் எட்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். அந்தக் குறுகிய பரப்பில் காற்று ஒட்டி ஓடாமல் சட்டென்று பிரிந்துவிடும். பிரிந்த கணமே தூக்குவிசை போய்விடும். இதைத்தான் ஸ்டால் என்கிறோம். காற்றின் இந்தப் போக்கை அளக்க ரெனால்ட்ஸ் எண் என்ற ஒன்று உண்டு. வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் 8 சென்டிமீட்டர் அகல முனைக்கு அது சுமார் 80,000. 20 சென்டிமீட்டர் முனைக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டிவிடும். ஒரு லட்சத்துக்குக் கீழே பெரும்பாலான இறக்கை வடிவங்கள் முரட்டுத்தனமாக நடந்துகொள்ளும். மேலே போகப் போக மரியாதையாக நடந்துகொள்ளும். அதனால்தான் சிறிய போர் விமான மாதிரிகள் எச்சரிக்கை இல்லாமல் புரண்டு விழுகின்றன, பெரியவை கொஞ்சம் நடுங்கிக் காட்டிவிட்டு விழுகின்றன.

இனி எடைக் கணக்கு. ஸ்பிட்ஃபயரின் ஒன்பதாம் மார்க், அதாவது ஒன்பதாம் வகையின் இறக்கை நீளம் 11.23 மீட்டர், பரப்பு 22.48 சதுர மீட்டர், சுமையுடன் எடை 3,300 கிலோவுக்குச் சற்று மேல். ஐந்தில் ஒரு பங்கில் நீளம் 2.25 மீட்டர் ஆகும். பரப்பு 25-ஆல் வகுபட்டு 0.9 சதுர மீட்டர் ஆகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் எடை 125-ஆல் வகுபட வேண்டும். அப்படியானால் ஏறக்குறைய 27 கிலோ. நல்லவேளையாக, மரத்திலும் கண்ணாடி இழையிலும் கட்டும்போது 10 முதல் 14 கிலோவுக்குள் முடித்துவிடலாம். அந்த நான்கு கிலோ இடைவெளியில்தான் உங்கள் விமானத்தின் தலையெழுத்து இருக்கிறது. ஃபிளாப் (மெதுவாகப் பறக்க உதவ, இறக்கையின் பின்விளிம்பிலிருந்து கீழே இறங்கும் பலகை) இறக்காத நிலையில், இந்த இறக்கை 10 கிலோவுடன் மணிக்கு சுமார் 44 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டால் ஆகும். 12 கிலோவில் 48, 14 கிலோவில் 52. எட்டு கிலோமீட்டர் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் தரையைத் தொடும்போது சக்கரக் காலும் அதைப் பிடித்திருக்கும் மரமும் தாங்க வேண்டிய ஆற்றலைப் பாருங்கள்: எடையும் கூடுகிறது, வேகத்தின் இருமடியும் கூடுகிறது. 10 கிலோவிலிருந்து 14-க்குப் போனால் அந்த ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கனமான விமானத்தில் சக்கரக் கால் மாதத்துக்கு ஒரு முறை பிய்வதற்குக் காரணம் இதுதான். பலரும் காலைக் குறை சொல்லி, இன்னும் கனமான காலை வாங்கிப் பொருத்துகிறார்கள்.

விமானத் தேர்வைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் பெரிய போர் விமானத்துக்கு ஸ்பிட்ஃபயர் கடினமான தேர்வு. அதன் இரு சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம், அசலில், சுமார் 1.7 மீட்டர்தான், அமெரிக்கப் போர் விமானமான பி-51 மஸ்டாங்கில் 3.6 மீட்டர். ஓடுபாதையில் பக்கக் காற்று வீசும் நாளில் இந்த வித்தியாசம் முழுதாகத் தெரியும்: மஸ்டாங் நேராக ஓடும், ஸ்பிட்ஃபயர் ஒரு சிறகைத் தரையில் தேய்த்துச் சுழலப் பார்க்கும். ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-க்கும் இதே குறை உண்டு. மூக்கு குட்டையாக இருப்பது ஸ்பிட்ஃபயரின் இரண்டாவது சிக்கல். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எல்லாம் தெரிந்த பிறகும் உங்கள் மனம் ஸ்பிட்ஃபயரிலேயே நிற்கிறதென்றால் அதையே கட்டுங்கள். ஒன்றரை இரண்டு ஆண்டு மாலைப் பொழுதுகளைக் கேட்கும் வேலை இது. மனதுக்குப் பிடிக்காத விமானத்துக்கு யாராலும் அவ்வளவு காலம் கொடுக்க முடியாது. பாதி கட்டிய மஸ்டாங்குகள் பரணில் தூங்குவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸ்பிட்ஃபயர் என்றால் ஒன்றில் மட்டும் சமரசம் வேண்டாம். அசல் விமானத்தில் இறக்கை, உடலோடு சேரும் அடிப்பகுதியில் 2 பாகை நிமிர்ந்தும் முனையில் அரைப் பாகை தாழ்ந்தும் இருக்கும். அதாவது அடியிலிருந்து முனைக்குள் இரண்டரைப் பாகை முறுக்கு. வாஷவுட் என்று சொல்வது இதைத்தான். இதனால் அடிப்பகுதி முதலில் ஸ்டால் ஆகி, முனை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும்; விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் எய்லரான்கள் வேலை செய்யும்; விமானம் புரளாது. மாதிரியில் இது அசலைவிடவும் தேவை. விலா எலும்புகளை (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குப் பலகைகளை) ஒட்டும்போது பின்விளிம்பின் கீழே வைக்கும் தாங்குகட்டைகளின் உயரத்தை வரைபடத்தை நம்பி விட்டுவிடாமல், பாகைமானியால் நீங்களே அளந்து பாருங்கள். இரண்டு இறக்கையிலும் முறுக்கு ஒன்றாக இருக்க வேண்டும். மேல்தோல் பலகை ஒட்டிய பிறகு எந்தத் தவறையும் திருத்த முடியாது. இடது வலது வித்தியாசம் அசல் விமானங்களையே படுத்தியிருக்கிறது: எஃப்4யு கோர்சேர் என்ற அமெரிக்கப் போர் விமானம் மெதுவாகும்போது இடது இறக்கை முந்திக்கொண்டு சரியும். அதற்கு அவர்கள் கண்ட மருந்து, வலது இறக்கையின் முன்விளிம்பில் ஒட்டிய சின்ன முக்கோணப் பட்டை. வலதும் சேர்ந்து ஸ்டால் ஆகட்டும் என்ற எண்ணம். அதே முக்கோணப் பட்டை நம் மாதிரிகளிலும் வேலை செய்கிறது.

இப்போது மூக்கு. ஈர்ப்பு மையத்திலிருந்து, அதாவது விமானம் சமனாக நிற்கும் புள்ளியிலிருந்து, வால் இருக்கும் தூரம், எஞ்சின் இருக்கும் தூரத்தைப் போல இரண்டரை, மூன்று மடங்கு. ஆகவே வாலில் 100 கிராம் கூடினால் மூக்கில் 250 முதல் 300 கிராம் ஈயம் வைத்துத்தான் சமன் செய்ய முடியும். வால் எடையும் ஈயமும் சேர்த்தால், வாலில் செய்யும் ஒவ்வொரு அலட்சியத்துக்கும் மூன்றரை, நாலு மடங்கு எடை விலை. என் முதல் பெரிய ஸ்பிட்ஃபயரில் நான் இந்தப் பாடத்தைத் தாமதமாகக் கற்றேன். வால் இறக்கைகளுக்கு அழகான, உறுதியான பலகைகளாகப் பார்த்துப் பார்த்து எடுத்தேன். எல்லாம் முடிந்து சமநிலைத் தாங்கியில் வைத்தபோது வால் தொப்பென்று மேசையில் உட்கார்ந்தது. புரொபெல்லரின் நடுவில் உள்ள கூம்பு மூடியான ஸ்பின்னருக்குப் பின்னால் ஈயத் துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினேன். அது எழுந்திருக்கவே 900 கிராம் ஆனது. பதினொன்றரை கிலோ என்று திட்டமிட்ட விமானம் 14 கிலோவில் முடிந்தது.

பால்சா மரத்தின் தன்மை அப்படி. ஒரு மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள இரண்டு பலகைகளை எடுங்கள். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். தராசில் ஒன்று 30 கிராம் காட்டும், மற்றொன்று 60 காட்டும். எனவே பலகை வாங்கியவுடன் எல்லாவற்றையும் நிறுத்து, எடையை அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள். இலேசானவை எல்லாம் வாலுக்கு. கனமானவை எஞ்சின் பக்கத்துக்கும் இறக்கையின் நடுச்சட்டத்துக்கும். நடுத்தரமானவை உடலுக்கு. ஒட்டுப்பலகையை எஞ்சின் சுவர், சக்கரக் கால் பீடம், இறக்கை இணையும் இடம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாலுக்கான சர்வோக்களை (வால் பரப்புகளை அசைக்கும் சிறு மோட்டார்களை) வாலிலேயே வைப்பது இணைப்புக்கு நல்லதுதான். ஸ்பிட்ஃபயரில் அவற்றை முடிந்த அளவு முன்னே கொண்டுவந்து, கார்பன் குழாயைத் தள்ளுதண்டாக்கி ஓட்டுவதே மேல்.

எடை ஏறும் இன்னொரு இடம் மேற்பூச்சு. இந்த அளவு விமானத்தில் மொத்தப் புறப்பரப்பு மூன்று முதல் மூன்றரை சதுர மீட்டர் வரும். சதுர மீட்டருக்கு 25 கிராம் எடையுள்ள மெல்லிய கண்ணாடி இழைத் துணியை விரித்து எபாக்ஸி என்ற பிசின் பூசினால், துணியின் எடை 100 கிராமுக்குள் அடங்கும். எபாக்ஸிதான் ஆபத்து. பூசிய கையோடு, மெல்லிய காகிதச் சுருளை அதன்மேல் உருட்டி மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். துணியின் நெசவு தெரிய, மேற்பரப்பு பளபளப்பில்லாமல் மங்கலாக இருந்தால் சரியான அளவு என்று அர்த்தம். கண்ணாடிபோல மின்னினால் கூடுதலாகக் கால் கிலோ ஏற்றிவிட்டீர்கள். வண்ணமும் அப்படியே: அடிப்பூச்சில் பெரும்பகுதியைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். போர் விமானத்துக்கு மினுமினுப்பு தேவையில்லை என்பது நமக்கு வசதி.

சக்கரக் கால் பீடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. விமானத்தை மட்டமாக வைத்துப் பார்க்கும்போது, சக்கர அச்சு இறக்கையின் முன்விளிம்புக்கு நேராகவோ சற்று முன்னாலோ இருக்க வேண்டும். பின்னால் தள்ளிப் போனால் ஒவ்வொரு முறையும் மூக்குக் குத்தும். புரொபெல்லர் செலவு உங்களைச் சோர்வாக்கிவிடும். பீடத்தின் மரத்தை இரண்டு விலா எலும்புகளோடு விட்டுவிடாமல், நடுச்சட்டம் வரை நீட்டி ஒட்டுங்கள். மடங்கும் கால்களில் காற்றழுத்தத்தில் இயங்குபவை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கசியும். மின்மோட்டார் வகையை நான் விரும்புகிறேன்.

எஞ்சினில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. 50 முதல் 60 சிசி பெட்ரோல் எஞ்சினும், 22 அல்லது 23 அங்குல புரொபெல்லரும் தாராளமாகப் போதும். மின்சாரம் வேண்டுமென்றால் 12 செல் லித்தியம் பாலிமர் பாட்டரி அதே வேலையைச் செய்யும். அந்தப் பாட்டரியை மூக்கில் வைத்து ஈயத்தை மிச்சப்படுத்தலாம். பெட்ரோல் என்றால் குளிர்ச்சியில் கவனம் வேண்டும். மூடிய மூக்குக்குள் எஞ்சினை வைத்துவிட்டு, முன்னால் பெரிய துளை போட்டால் போதும் என்று நினைப்பது வழக்கம். உள்ளே வந்த காற்று எஞ்சினைத் தொடாமல் பக்கவாட்டில் நழுவிவிடும். சிலிண்டரின் செதில்களுக்கு இடையே மட்டுமே காற்றுக்கு வழி இருக்கும்படி மெல்லிய பலகையால் தடுப்புச் சுவர் கட்டுங்கள். வெளியேறும் துளை, நுழையும் துளையைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருக்கட்டும். போர் விமான மாதிரிகளில் நடுவானில் எஞ்சின் நிற்பதற்கு நான் கண்ட முதல் காரணம் சூடுதான்.

ரேடியோவில் சிக்கனம் பார்க்காதீர்கள். 12 கிலோ எடை மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும்போது அது பொம்மையல்ல. மனிதர் மேல் விழுந்தால் உயிர் போகும். விமானத்துக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு இரண்டு பாட்டரி, இரண்டு சுவிட்ச். மூக்கை ஏற்றி இறக்கும் வால் பரப்பான எலிவேட்டரின் இரு பாதிக்கும் தனித்தனி சர்வோ. பற்றவைப்புச் சுற்றுக்குத் தனிப் பாட்டரி வைத்து, அதை ரிசீவரிடமிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். டிரான்ஸ்மிட்டரிலிருந்தே பற்றவைப்பை அணைக்கவும் வழி இருக்கட்டும். சிக்னல் அறுந்தால் எஞ்சின் தானாக அடங்க வேண்டும். அதை ஒவ்வொரு பறக்கும் நாளிலும் தரையில் சோதியுங்கள். தூரச் சோதனையை எஞ்சின் ஓடும்போதும் செய்யுங்கள், நின்றிருக்கும்போதும் செய்யுங்கள். கட்டுப்பாட்டுப் பரப்புகளை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். இணைப்பில் துளி ஆட்டம் இருந்தாலும் வேகத்தில் அந்தப் பரப்பு படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கும். இரண்டு வினாடியில் எலிவேட்டர் பிய்ந்து போய்விடும்.

பறக்கவிடும் நாளுக்கு வருவோம். ஈர்ப்பு மையம் இறக்கையின் சராசரி அகலத்தில் 25 முதல் 27 சதவீதத்தில் இருக்கட்டும். பின்னால் தள்ளிப் பார்ப்பதை ஐந்தாறு பறப்புக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். எழும்புவதில்தான் புதியவர்கள் முதலில் தடுமாறுகிறார்கள். எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். மனதுக்குள் நான்கு எண்ணும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் எலிவேட்டரைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து வால் சக்கரத்தைத் தரையோடு பிடித்து வையுங்கள். மூக்கை இட வலமாகத் திருப்பும் ரடர் வேலை செய்யும் வேகம் வந்ததும் பிடியைத் தளர்த்துங்கள், வால் தானாக எழும். எழும் அந்தக் கணத்தைக் கவனியுங்கள். விமானியின் இருக்கையிலிருந்து பார்க்கும்போது வலம் சுற்றும் புரொபெல்லர் ஒரு பம்பரம் போன்றது. அதன் தளம் முன்னே சாய்ந்ததும் மூக்கு இடப்பக்கம் திரும்பும். ஏற்கெனவே புரொபெல்லரின் சுழல் காற்றும் வாலின் இடப்பக்கத்தில் மோதி அதே திசைக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஆகவே வால் எழும்போது வலது ரடர் தயாராக இருக்க வேண்டும். மூக்கு திரும்பிய பிறகு கொடுத்தால் தாமதம். அசல் ஸ்பிட்ஃபயர் விமானிகளுக்கு இதில் இன்னொரு தொல்லை இருந்தது. மெர்லின் எஞ்சினுக்குப் பதில் கிரிஃபன் வந்தபோது அது எதிர்த்திசையில் சுற்றியது. இத்தனை நாள் வலது காலை அழுத்திப் பழகியவர்கள் இடது காலுக்கு மாற வேண்டியிருந்தது. நம் மாதிரி எஞ்சின்கள் பெரும்பாலும் மெர்லின் பக்கம்தான்.

தரையை விட்டதும் மேலே இழுக்காதீர்கள். இறக்கை மட்டமாக, ஏறுவதா வேண்டாமா என்பதுபோல நீளமாகப் போகட்டும். கால்களை மடக்கி, வேகம் சேர்ந்த பிறகு ஏறுங்கள். நூற்றைம்பது மீட்டர் உயரத்தில் கை விட்டாலும் நேராகப் பறக்கும்படி டிரிம் சரிசெய்து முடித்தவுடன், முதல் பறப்பிலேயே, ஸ்டால் சோதனை செய்யுங்கள். கால்களையும் ஃபிளாப்பையும் இறக்கி, திராட்டிலைக் குறைத்து, உயரம் குறையாமல் எலிவேட்டரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே போங்கள். எந்த வேகத்தில் தளர்கிறது, எந்த இறக்கை முதலில் சரிகிறது, சரியுமுன் என்ன காட்டுகிறது என்பதைக் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் இறங்க வருபவர்கள், தன் விமானத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இறங்க வருகிறார்கள்.

என் 14 கிலோ ஸ்பிட்ஃபயரை நான் இழந்தது ஆறாவது பறப்பில். இறங்குவதற்காக ஓடுபாதைக்கு இணையாக, காற்றோடு சேர்ந்து வந்துகொண்டிருந்தது. பின்காற்று தள்ளியதால் தரையோடு ஒப்பிடும்போது வேகமாகத் தெரிந்தது. நான் திராட்டிலைக் குறைத்தேன். கடைசித் திருப்பத்தில் காற்று அதைக் கோட்டைத் தாண்டித் தள்ளியது. கோட்டுக்குள் கொண்டுவர நான் சாய்வை அதிகமாக்கி இழுத்தேன். 60 பாகைச் சாய்வில் இறக்கை இரண்டு மடங்கு எடையைச் சுமக்கிறது. மட்டமாகப் பறக்கும்போது 52 கிலோமீட்டரில் ஸ்டால் ஆகும் அந்த விமானத்துக்கு அப்போது 73 கிலோமீட்டராவது வேண்டும். இருந்தது அதைவிடக் குறைவு. உள்பக்கத்து இறக்கை கீழே விழுந்தது. சரியும் இறக்கையைத் தூக்க நான் எய்லரானைக் கொடுத்தேன். அது அந்த முனையை இன்னும் ஆழமாக ஸ்டாலுக்குள் தள்ளியது. பதினைந்து மீட்டர் உயரத்தில் மீட்க நேரமில்லை. சத்தம் வந்து சேர்வதற்கு முன்பே புழுதி எழுந்ததைப் பார்த்தேன்.

அதனால் நான் இன்றுவரை கடைப்பிடிப்பது இது: கடைசித் திருப்பத்தில் சாய்வு 30 பாகையைத் தாண்டாது. கோட்டைத் தாண்டிவிட்டால் தாண்டட்டும். திராட்டிலைக் கொடுத்து, இறக்கையை மட்டமாக்கி, இன்னொரு சுற்று போவேன். இறக்கை சரிந்தால் முதலில் மூக்கைத் தாழ்த்தி வேகம் கொடுப்பேன், பிறகுதான் நிமிர்த்துவேன்.

இறங்கும்போது திராட்டிலை முழுதாக மூடாதீர்கள். பெரிய புரொபெல்லர் மெதுவாகச் சுற்றும்போது பிரேக் போலச் செயல்படும். வேகம் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட விரைவாக வடியும். கொஞ்சம் சக்தியோடு, மெல்லிய சரிவில் கொண்டுவந்து, முன் இரண்டு சக்கரங்களை முதலில் தொடவிடுங்கள். தொட்டதும் எலிவேட்டரை இழுத்துவிடாதீர்கள், மறுபடி எழும்பும். வேகம் குறைந்து வால் தானாக இறங்கிய பிறகு முழுதாக இழுத்து வால் சக்கரத்தைத் தரையில் ஊன்றுங்கள். மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொடும் அழகான இறக்கத்தை ஸ்பிட்ஃபயரில் பழகுவதற்கு முன் முப்பது நாற்பது இறக்கமாவது முடிந்திருக்க வேண்டும்.

எஞ்சின் நின்றுவிட்டால் கை முதலில் செய்ய வேண்டியது மூக்கைத் தாழ்த்துவது. கால்களும் ஃபிளாப்பும் ஓடுபாதை எட்டும் என்று உறுதியான பிறகுதான் இறங்க வேண்டும். எட்டாது என்றால் புல்வெளியில் வயிற்றால் இறக்குங்கள். நேராக, இறக்கை மட்டமாக. வயிறு தேய்ந்த விமானத்தை ஒரு வாரத்தில் பழுது பார்த்துவிடலாம்.

கட்டும் காலத்தில் சும்மா இருக்காதீர்கள். வால் சக்கரம் கொண்ட, ஃபிளாப் உள்ள, இரண்டு மீட்டருக்கு நெருங்கிய ஏதாவது ஒரு விமானத்தை வாரா வாரம் பறக்கவிடுங்கள். இடது கட்டைவிரல் ரடரைப் பற்றி யோசிக்காமல் இயங்கும் நிலைக்கு வர வேண்டும். முதல் பறப்பன்று அனுபவமுள்ள ஒருவர் உங்கள் தோளருகே நிற்கட்டும். அவர் வேலை நேரத்தைச் சொல்வதும், இறங்க வரும்போது "வேகம், வேகம்" என்று நினைவூட்டுவதும் மட்டும்தான். படம் எடுப்பவர்களை அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள். ஆறு நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். இறக்கியதும் மூக்கு மூடியைக் கழற்றி, எஞ்சின் பீடத்துத் திருகுகளையும் சக்கரக் கால் திருகுகளையும் ஒவ்வொன்றாகத் திருகிப் பாருங்கள். முதல் பறப்பின் அதிர்வில் இரண்டு மூன்றாவது தளர்ந்திருக்கும். அவற்றை இறுக்கிய பிறகு இரண்டாம் பறப்பு.